ஃப்ளோரன்ஸ் டீச்சரின் ஸ்பிரிங் பட்டை

ஃப்ளோரன்ஸால் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பது சாந்தோமில் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப்போனவள். முழங்காலுக்குக் கீழே இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடப்பாள். ஆனாலும் விடிந்தால் கோயில், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் பட்டினப்பாக்கத்தில் மீன் என்று ஓடிக்கொண்டே இருப்பாள். வகுப்பில் அவள் நாற்காலியில் அமர்ந்து கணக்கு நடத்தியதைப் பார்த்த பிள்ளைகள் யாரும் இல்லை.

அந்தச் சட்டத்தில் முக்கியமானது குதிகாலுக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் பட்டை. காலைத் தூக்கும்போது தொங்கிப்போகும் பாதத்தை அதுதான் மேலே இழுத்துப் பிடிக்கும். கடற்காற்றுக்கும் வியர்வைக்கும் அந்த எஃகு தாங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில், பள்ளிக்கூட மாடிப்படியில் இறங்கும்போது துருப்பிடித்த பட்டை படக்கென்று முறிந்தது. ஃப்ளோரன்ஸ் பிள்ளைகள் பார்க்க உருண்டு விழுந்தாள்.

காயம் பெரிதில்லை. ஆனால் தலைமை ஆசிரியையான மதர் பயந்துவிட்டார். "இனிமே மாடி ஏற வேண்டாம் ஃப்ளோரன்ஸ். ஆபீஸ்ல உட்கார்ந்து மார்க் எழுது, போதும்" என்றார். வாரம் முழுக்க ஃப்ளோரன்ஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஊன்றுகோலோடு சிந்தாதிரிப்பேட்டைக்குக் கிளம்பினாள். சட்டத்தைச் செய்துகொடுத்த ஷஃபியுல்லாவின் பட்டறை அங்கேதான் இருந்தது.

"எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்கிறதில்லையே பாய், அதுல செஞ்சு குடுங்களேன்" என்றாள்.

"துரு புடிக்காது டீச்சரம்மா. ஆனா வளைச்சா வளைஞ்ச வாக்குல கீது, திரும்பி வராது. நீங்க நாலு எட்டு வெச்சா அவ்ளோதான்." அவர் ஒரு துண்டை வளைத்தே காட்டினார். "பழைய எஃகுல போட்டா துள்ளும், ஆனா துரு தின்னுடும். ரெண்டும் ஒண்ணா வேணும்னா நான் எங்க போவேன்?"

இந்தக் கேள்வியோடுதான் அவள் வீட்டுக்கு வந்தாள். அந்த மாசக் கடைசியில் சித்தி மகன் லியோனார்ட் ஊருக்கு வந்தான். அமெரிக்காவுக்குப் போய்வரும் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அக்காவின் புலம்பலைக் கேட்டவன், அடுத்த பயணத்தில் அங்கே ஒரு தொழிற்சாலைக்காரரிடம் கேட்டு, வெள்ளையாய் மின்னும் ஒரு தகட்டுத் துண்டை வாங்கிவந்தான்.

"இது புதுசு அக்கா. இதுல குரோமியம், நிக்கலோட கொஞ்சம் டைட்டானியமும் கலந்திருக்கு. முதல்ல வளைச்சு வடிவம் பண்ணிக்கணும். அப்புறம் தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்ல அரை மணி நேரம் வெச்சா கெட்டியாயிடுமாம். தண்ணியில போட்டு ஆத்துற வேலையே இல்லை."

ஷஃபியுல்லா தகட்டை வெட்டி, துளையிட்டு, அவள் காலுக்கேற்ப வளைத்துக் கொடுத்தார். சூட்டைச் சரியாக வைக்க அவருடைய கரி உலைக்கு வழியில்லை. அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் மின்சார உலை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட சிதம்பரநாதன் அவள் வயதுக்காரர், கேட்டதும் சம்மதித்தார். பட்டையை உள்ளே வைத்து, சூட்டைச் சரிசெய்துவிட்டு, பக்கத்து அறைக்கு வகுப்பெடுக்கப் போனார்.

ஃப்ளோரன்ஸ் தனியாக இருந்தாள். உலையின் சூட்டைக் காட்டும் முள் அசையாமல் நின்றது. உலைக் கதவின் சிறு துளை வழியே தெரிந்த பட்டையோ சிவக்கக்கூட இல்லை. இவ்வளவு சூட்டில் என்ன கெட்டியாகும்? கூடக் கொஞ்சம் வைத்தால் கூடக் கெட்டியாகாதா? கை பரபரத்தது. சூட்டைக் கூட்டும் குமிழை மேலே திருப்பினாள். முள் ஏற ஏற அவளுக்குச் சந்தோஷம். பட்டை மங்கிய சிவப்பானதும் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள்.

சிதம்பரநாதன் திரும்பி வந்து எடுத்துக் கொடுத்த பட்டையை, ஆறியதும் சட்டத்தில் மாட்டி, அந்த அறையிலேயே அவள் நடந்து பார்த்தாள். அறையைத் தாண்டுவதற்குள் பட்டை வளைந்தது, வளைந்தபடியே நின்றது.

சிதம்பரநாதன் பட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "சூட்டை ஏத்தினீங்களா?"

"ஏத்தினேன். சூடு கூடினா பலமும் கூடும்னு நினைச்சேன்."

"மாட வீதியில அறுபத்து மூவர் திருவிழாக் கூட்டம் பாத்திருக்கீங்க இல்லே? ஜனங்க தெரு முழுக்கப் பரவி நின்னா ஒரு ஜட்கா வண்டி நுழைய முடியுமா? அந்த டைட்டானியம் இதமான சூட்டுல கண்ணுக்குத் தெரியாத பொடித் துணுக்குகளாப் பிரிஞ்சு எஃகு முழுக்க அப்படிப் பரவி நிக்குது. உள்ளே எதையும் நழுவ விடாது. அதுதான் பலம். சூடு ஏறிட்டா துணுக்குகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாயிடும். கூட்டம் அங்கங்கே மூலையில ஒதுங்கினா நடுவுல வழி விட்டுடும் இல்லையா, ஜட்கா ஜம்முனு போயிடும்."

"அப்போ இது வீணா?"

"இல்லை. நல்லாப் பழுக்கக் காய்ச்சினா எல்லாம் மறுபடி உள்ளே கரைஞ்சிடும். ஆறவிட்டு, திரும்ப வளைச்சு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

அவர் அன்றே உயர்ந்த சூட்டில் அதைக் காய்ச்சி ஆறவைத்துத் தந்தார். மறுபடி சிந்தாதிரிப்பேட்டை. "இன்னா டீச்சரம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றபடியே ஷஃபியுல்லா மீண்டும் வடிவமாக்கினார். இரண்டாம் முறை உலை வேலை செய்தபோது, தன் கையையே நம்பாத ஃப்ளோரன்ஸ் வெளியே போய், வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி ஊன்றுகோலோடு நடந்தாள். சிதம்பரநாதன் வந்து கூப்பிட்டபோது ஊன்றுகோல் மண்ணில் வட்டமாய்க் குழி போட்டிருந்தது.

இந்த முறை பட்டை வளைந்தது. விட்டதும் விசுக்கென்று நிமிர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அவள் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து போனபோது மதர் அவளை அணைத்துக்கொண்டார், ஆனால் வகுப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குள் வேறொரு ஆசிரியை வந்துவிட்டிருந்தார். "ஆபீஸே உனக்குப் பத்திரம்" என்றார். அன்று மாலையே ஃப்ளோரன்ஸ் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா லூயிசா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இவ்வளவு பாடுபட்டு கடைசியில வேலையை விட்டுட்டு வந்தியாடி?"

"உட்கார்றதுக்கா பாடுபட்டேன்?"

தியாகராய நகரில் புதிதாகத் திறந்திருந்த பெண்கள் பள்ளி ஒன்றில் அவளுக்குக் கணக்கு வகுப்புக் கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், பிறகு கடைத்தெரு வழியாக நடை. அங்கேயும் சில வருஷம்தான். பிறகு அடையாறு, அப்புறம் ராயப்பேட்டை. எந்தத் தலைமை ஆசிரியையாலும் அவளை நிலையாக வைத்துக்கொள்ள முடியவில்லை. செருப்பையும் தோல்வாரையும் எத்தனையோ தடவை மாற்றினாள். பட்டையை மட்டும் கழற்றிக் கழுவித் துடைத்து, அதையே திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.