கண்ணடித்த சாமி வண்டி

புத்தர் கோயிலில் சடங்கு செய்கிற சாமி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஜப்பான் கடலோரத்து எங்கள் ஹிமி ஊரில் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. வெள்ளை நிறத்தில் சின்ன வேன் வைத்திருக்க வேண்டும். மெதுவாகப் பேச வேண்டும். சாவு வீட்டில் பலகாரம் வைத்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். எங்கள் சாமி கென்யூ எதிலும் தேறவில்லை. சாமியாக இருந்த அப்பா போனதும் கோயில் அவன் தலையில் விழுந்தது. அவன் செய்த முதல் காரியம், கனஸாவா நகரத்துக்கு பஸ் ஏறிப் போய், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைத் திறந்து மூடுகிற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்ததுதான். அதன் ஹெட்லைட் இரண்டும் பானெட்டுக்குள் தூங்கும். சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி எழும்பி நிற்கும். கறுப்பு அங்கி, கழுத்தில் பட்டுத்துணி, கையில் ஜெபமாலை சகிதம் அவன் அந்தக் காருக்குள் இறங்குவதைப் பார்த்தால் யாரோ கிணற்றில் குதிக்கிற மாதிரி இருக்கும்.

நானும் அவனும் ஒரே வகுப்பு. கோயில் வாசலுக்கு எதிரே மீனை அரைத்து வேகவைத்து கமபோகோ விற்கும் கடை என்னுடையது. அதனால் அவன் செய்கிற எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது.

அவன் கார் வாங்கிச் சில வருஷம் கழித்து, ஒரு இலையுதிர் காலத்தில் யச்சி தொரகிச்சி செத்துப்போனார். ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், பிடிபட்டால் வலது கண்ணை அடித்துச் சிரிப்பார், அவ்வளவுதான், யாருக்கும் கோபம் வராது. சடங்கு முடிந்து சவ வண்டி நீளமாக ஹாரன் அடித்துக் கிளம்பியது. தெருவே தலை குனிந்து நின்றது. பின்னால் கென்யூ தன் காரைக் கிளப்பி, வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டான்.

அப்போது வலது ஹெட்லைட் மட்டும் மெல்ல மேலே வந்தது. விளக்கு மின்னுகிற தாளத்துக்கு விட்டுவிட்டு, தூக்கத்தில் எழுகிறவன் இமை மாதிரி, பாதி வரைக்கும் வந்து, பொத்தென்று விழுந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி விழுந்தது. இடது கண் அசையவே இல்லை. குனிந்த தலையோடு எல்லோரும் புருவத்துக்குக் கீழாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொரகிச்சியின் மனைவி ஃபுமி அம்மா மூன்று நாளாக யாரிடமும் பேசாமல் இருந்தவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாருங்க, எங்க வீட்டுக்காரரு கண்ணடிக்கிறாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சவ வண்டி ஓட்டுநரின் தோள் குலுங்கியதை நானே பார்த்தேன்.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் தேவலை. அடுத்த வாரமே பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரத் தொடங்கியது. சாமி, ஒரு தடவை இண்டிகேட்டர் போட்டுக் காட்டுங்களேன் என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் பானெட் மேல் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனாள். யாரோ பம்பரில் ஊதுபத்தி செருகினார்கள். கென்யூவுக்குக் கொதித்தது. எங்கள் மார்க்கத்தில் செத்தவர் நேராக அமிதா புத்தரிடம் போய்விடுவார். நடுவில் எங்கேயும் இறங்கமாட்டார், ஆவியாக அலையமாட்டார். வருஷக்கணக்காக அவன் பிரசங்கம் செய்ததே அதைத்தான்.

"பேயே கிடையாதுன்னு எங்கப்பா காலத்துலேர்ந்து கத்திட்டு இருக்கோம்டா," என்றான் என்னிடம். "இப்ப என் காரே என்னைப் பொய்யனாக்குது."

கோயில் கமிட்டித் தலைவர் ஹொரிதாவுக்கு வேறு கவலை. அவர் அரிசி மண்டி நடத்தியவர், எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். மார்க்க ஸ்தாபகரின் நினைவு விழா வருகிறது, தலைமைக் கோயிலிலிருந்து பெரியவர்கள் வருவார்கள், அதற்குள் அந்தக் கண்ணைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் காரை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கென்யூவின் மனைவி மிசாயோ இரண்டாவது யோசனைக்கு உடனே தலையாட்டினாள்.

ஊர் மெக்கானிக் கையை விரித்தார். இந்த வயசு வண்டிக்கு சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் அவருக்குப் பொறுமை கிடையாது. அதனால் கென்யூ தானே இறங்கினான். ஒசாகாவில் யாரோ உடைத்துப் பிரித்த காரிலிருந்து ஹெட்லைட் மோட்டார் ஒன்றை வரவழைத்து மாட்டினான். கார் கண்ணடித்தது. கரண்டைத் திறந்து மூடுகிற ரிலேவை மாற்றினான். கண்ணடித்தது. ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சைக் கழற்றுகிறேன் என்று அதன் மூடியை உடைத்தான். அன்றைக்கு காருக்குள்ளிருந்து வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதமாட்டேன். சூத்திரம் ஓதுகிற குரல் என்பதால் தெரு முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கடையை விட்டுப் போனேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தவனுக்குக் கை, கால், தலை எல்லாத்தையும் மாத்திட்டே. அவனுக்கு என்ன நோய்னு பாத்தியா?" என்றேன். கமபோகோ விற்கிறவன் எல்லாம் பேசறான் என்று முறைத்தான். ஆனால் மறுநாள் முதல் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தான்.

என்ன செய்தால் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். இடது இண்டிகேட்டருக்கு எதுவும் நடக்கவில்லை. வலது இண்டிகேட்டருக்கு மட்டும் வலது கண் துடித்தது. விளக்கை எரியவிட்டால் வலது பக்கம் மஞ்சளாக மங்கி எரிந்தது. அதாவது, வலது பக்கத்தில் இண்டிகேட்டர், விளக்கு, மோட்டார் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் புத்தி கெட்டிருந்தது. மூன்று சாமானும் சேர்ந்தா பழுதாகும்? மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்க வேண்டும்.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊரே கோயிலைக் கூட்டிப் பெருக்க வந்திருந்தது. கென்யூ பானெட்டைத் திறந்து, மீட்டரோடு குனிந்துகொண்டிருந்தான். துடைப்பத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஹொரிதா இருந்தார், ஃபுமி அம்மாவும் இருந்தார். கூட்டத்தைப் பார்த்தால் அவனுக்குப் பிரசங்கம் தானாக வந்துவிடும்.

விளக்குக்குள் போகிற கரண்டு முழுசாகப் போகிறது, பாருங்கள் என்று மீட்டரைக் காட்டினான். பிறகு மீட்டரின் ஒரு முனையை விளக்கிலிருந்து வெளியேறும் கறுப்பு வயரிலும், இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்தான். அங்கே ஒன்றுமே காட்டக்கூடாது. கிட்டத்தட்ட நான்கு வோல்ட் காட்டியது.

"போன கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வரணும். இங்க வர வழி அடைச்சுக் கெடக்கு," என்றான். "அதான் இண்டிகேட்டர் கரண்டு மோட்டார் வழியா சுத்திக்கிட்டு வீட்டுக்குப் போகுது. மோட்டார் ஏன்னு தெரியாம கண்ணைத் தொறக்குது. ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

தடித்த வயர் ஒன்றை எடுத்து அந்தக் கறுப்பு வயரை நேராக பேட்டரியோடு சேர்த்தான். இண்டிகேட்டர் போடச் சொன்னான். கண் அசையவில்லை. விளக்கைப் போட்டோம், பளிச்சென்று எரிந்தது. சில பேர் கை தட்டினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது, அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அவன் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சபை கையில் இருக்கும்போது கென்யூவுக்கு நிறுத்தத் தெரியாது. அடைப்பையும் காட்டுகிறேன் என்று வலது சக்கரத்துக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றினான். உள்ளே, கரண்டு திரும்பிப் போகிற எர்த் வயரைக் காரின் உடம்போடு பிடித்து வைக்கும் போல்ட் இருந்தது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. போல்ட்டைத் திருகி எடுத்தான். வயரின் வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே சிவப்பு பெயிண்ட் தடிமனாகப் படிந்திருந்தது. அதுவும் காரின் சிவப்பு இல்லை, வேறொரு சிவப்பு.

கென்யூ போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஹொரிதா குனிந்து பார்த்தார். உள்பக்கம் எதற்குப் பெயிண்ட் என்று கேட்டார். மிசாயோ துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அருகே வந்தாள்.

"இந்தப் பக்கம் எப்பங்க பெயிண்ட் அடிச்சீங்க?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல் வந்தது. மறுநாள் காலையில் கோயில் வாசலில் இருந்த பழைய கல்விளக்கு சாய்ந்து கிடந்தது. காற்று தள்ளிவிட்டது என்று கென்யூ சொன்னான். ஹொரிதா வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டினார். தொரகிச்சிதான் துறைமுகத்திலிருந்து கிரேன் கொண்டுவந்து தூக்கி நிறுத்தினார். கிரேன் இல்லாமல் அசையாத கல்லைக் காற்று எப்படித் தள்ளியது என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சாமி சொன்னார், நாங்கள் தலையாட்டினோம்.

கென்யூ சரளைக் கல்லில் மண்டியிட்டு, தரையில் நெற்றி படக் குனிந்தான்.

"காத்து இல்ல. நான்தான். மழையில வேகமா திரும்பி கல்விளக்குல இடிச்சுட்டேன். ராத்திரியே நசுங்கினதைத் தட்டி பெயிண்ட் அடிச்சேன். சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க எல்லாரும் நன்கொடைப் பெட்டியோட வந்து நின்னுட்டீங்க."

ஹொரிதாவின் காது சிவந்துவிட்டது. திரட்டியவர் அவர்தானே. மிசாயோ புருஷனைப் பார்க்காமல் அந்தக் கல்விளக்கைப் பார்த்தாள். ஃபுமி அம்மாதான் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். தூக்கும்போதே கல்லுல செவப்பா பெயிண்ட் இருந்துச்சாம். மணலைப் போட்டுத் தேச்சு எடுத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு. சாமி எப்ப வாயைத் தொறக்கிறார்னு பாப்போம்னாரு. பாக்காமலே போயிட்டாரு."

மண்டியிட்டபடியே கென்யூ அழுதான். நாற்பத்தைந்து வயது ஆள், அங்கியில் கிரீஸ் அப்பிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஃபுமி அம்மா அவன் முதுகில் துடைப்பக் கட்டையால் லேசாகத் தட்டி, எழுந்திருங்கள், கல் குத்தும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, அப்படியானால் கண்ணடித்தது அவர் இல்லையா என்று கேட்டார். இல்லை அம்மா என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. சரி என்றார்.

அன்று மாலை தேநீரோடு கமிட்டி கூடியது. சிலர் அவனை மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றுவதற்கு ஆள் எங்கே என்று ஹொரிதா கேட்டார். நன்கொடையைத் திருப்பித் தரச் சொல்லலாமா என்றதற்கு, கல்விளக்கு நிற்கிறதே, பிறகென்ன என்று வேறு சிலர் சொன்னார்கள். கடைசியில், பனிக்காலம் முடிகிற வரைக்கும் ஊரில் இருக்கிற வயசானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவன் வேலை என்று முடிவானது. அதுவும் அதே காரில். ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் போக முடியும் என்பதால் அவனுக்கு அது நீண்ட தண்டனை. பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டைத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினான். விழாவுக்கு வந்த பெரியவர்கள் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் சவாரி ஃபுமி அம்மாவுக்கு. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தவர், கூரையைத் திறக்கச் சொன்னார். குளிருமே என்றான் கென்யூ. ஐம்பது வருஷம் அவர் மட்டும் கடலில் போனார், நான் கரையிலேயே நின்றேன், இப்போதாவது காற்று படட்டும் என்றாராம். கடற்கரைச் சாலையில் போகும்போது விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மலை முழுக்கப் பனி மூடி வெள்ளையாகத் தெரிந்தது. கல்லறைப் பக்கம் அவன் வேகத்தைக் குறைத்தபோது, நிற்க வேண்டாம், போங்கள் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியைத் தாண்டியும் போகச் சொன்னார். எங்கேயோ ஒரு கடையில் சூடாக உதோன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பி வந்தார்கள். கென்யூவின் உதடு நீலமாகியிருந்தது. ஃபுமி அம்மா கன்னம் சிவக்க இறங்கி, அடுத்த வாரமும் முழங்கால் வலி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் முழங்கால் வலி திடீரென்று பரவியது. ஹொரிதாவும் ஒருநாள் நொண்டிக்கொண்டே வந்து, தன் முறை எப்போது என்றுகூடக் கேட்காமல் பக்கத்து சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். போனது சுலபமாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அவரால் அந்தப் பள்ளத்திலிருந்து எழ முடியவில்லை. கடையை விட்டு ஓடிப்போய், நானும் கென்யூவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தோம்.