நான் தமிழில் சொல்லாமல் விட்ட சொல்

எங்கள் பள்ளியில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் இருந்தார், தமிழ் வாத்தியார் இருந்தார், பாகூரிலும் சோரியாங்குப்பத்திலும் நெல்லும் கரும்பும் பயிர் வைத்த குடித்தனக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். வருவதாகச் சொன்ன மேர், அதாவது பிரெஞ்சு ஆட்சியின் ஊர்த் தலைவர், வரவில்லை. பெண்கள் ஒருவரும் இல்லை. ஆனால் பேச்சு முழுக்கப் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். என் தங்கை அப்போது மூன்றாம் வகுப்பு.

நான் அதே பள்ளியில் படித்து, பிரெஞ்சில் எழுதும் செர்த்திபிக்கா பரீட்சை தேறி, சின்ன வகுப்புக்கு உதவி வாத்தியாராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். தலைமையாசிரியர் பிரெஞ்சில் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும்.

இன்னும் இருபது வருஷத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று வாத்தியார்கள் இருவரும் சொன்னார்கள். ஊருக்கு ஊர் பள்ளி வரும், பெண்களே வாத்தியாராக வருவார்கள் என்றார் தமிழ் வாத்தியார். அப்போது பிரம்பு யார் கையில் இருக்கும் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "இப்ப உன் வூட்ல யார் கையில இருக்குதோ அவங்க கையிலதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு தலைமையாசிரியர், ஆணுக்கும் பெண்ணுக்கும் படிப்பு கட்டாயமாகிவிடும் என்றார். கட்டாயம் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் சொன்ன பிரெஞ்சுச் சொல்லே கம்பீரமாகப் பட்டது. "படிப்பு எல்லாருக்கும் ஒப்ளிகத்துவார் ஆகிடும்" என்றேன். கூடம் அமைதியானது. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நிலத்தை ஈடு வைத்து, பத்திர அதிகாரியான நொத்தேரிடம் எழுதும் கடன் பத்திரத்துக்கு ஒப்ளிகாசியோன் என்று பெயர். என் தாத்தா அப்படி ஒன்றில் கைநாட்டு வைத்துத்தான் ஏரிக்கரைக் கழனியில் பாதி போனது.

திங்கட்கிழமை பதினோரு பெண் பிள்ளைகளில் ஒருத்தியும் வரவில்லை. வீட்டுக்குப் போனால் தங்கை சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் கேட்டேன்.

"அவ படிப்புக்கு நெலத்து மேல பத்திரம் எழுதுவாங்கன்னு நீதானேடா சொன்ன?"

"அது வேற வார்த்தை நைனா. கட்டாயம்னு அர்த்தம்."

"அப்ப அன்னிக்கே கட்டாயம்னு சொல்றதுக்கு இன்னா?"

கட்டாயம் என்றால் அனுப்பாதவனை என்ன செய்வார்கள் என்று அடுத்தபடியாகக் கேட்டார். அதைத் தலைமையாசிரியர் சொல்லவே இல்லை. பிற்பாடு பிரெஞ்சு அகராதியில் பார்த்தேன். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்; கட்டிப்போடுவது என்று அதற்கு அர்த்தம். அப்பாவின் காது அப்படியொன்றும் தப்பாகக் கேட்டுவிடவில்லை. நல்லதற்கே ஆனாலும், ஒரு மனிதனைக் கட்டுகிற சேதியை அவனுக்குப் புரியாத சொல்லில் சொல்லக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

நொத்தேர் எழுதிக் கொடுத்தால்தான் நம்புவேன் என்றார் அப்பா. செவ்வாய்க்கிழமை அவரோடு இன்னும் மூன்று தகப்பன்மார், நான், எல்லோரும் ஒரே மாட்டுவண்டியில் புதுச்சேரிக்குப் போனோம். நொத்தேரின் குமாஸ்தா முதலில் சிரித்தார். பிறகு, பிள்ளைகள் படிப்பதனால் யார் நிலத்தின் மேலும் கடன் ஏறாது என்று முத்திரைக் காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அப்பா அதை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

புதன்கிழமை காகிதத்தை வீடு வீடாகக் காட்டினோம். வியாழன் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வார விடுமுறை. வெள்ளிக்கிழமை தங்கை எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அவளோடு சேர்த்து ஏழு பேர் திரும்பினார்கள். மற்ற நாலு பேர் கடைசிவரை வரவில்லை. அந்த நாலு வீட்டிலும் காகிதத்தை வாசித்துக் காட்டியது நான்தான். என் வாயை அவர்கள் மறுபடி நம்பவில்லை.

வண்டி வாடகை, முத்திரைக் காகிதம், எழுத்துக் கூலி எல்லாவற்றையும் என் சம்பளத்திலேயே கொடுக்கச் சொன்னார் அப்பா. அன்றைய புதுச்சேரிக் காசில் மூன்று ரூபாய் இரண்டு பணம்.