மீட்டரக்காவின் வலது கால்

எங்கள் எதிர்வீட்டுப் பெண்மணிக்குத் தெருவில் பெயர் மீட்டரக்கா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. மீட்டர் கண்ணுக்கு நேரே மாட்டியிருக்காது. மாடிப்படிக்கு அடியில், பூந்தொட்டிக்குப் பின்னால், மூடி கழன்ற குழிக்குள் என்று ஒளிந்திருக்கும்.

அப்படி ஒரு குழியோரத்தில்தான் வலது கால் முதலில் பிசகியது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் கட்டுப் போட்டுக்கொண்டு ஐந்தாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு மாதத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அதே கால். மூன்றாவது தடவை குழியும் இல்லை, படியும் இல்லை. என் வீட்டு வாசலில், சமதரையில் விழுந்தார்.

அன்றைக்குத்தான் அவர் அழுவதை முதல்முறையாகப் பார்த்தேன்.

"ஆபீஸ்லயே உக்காந்து வேலை பாருங்கன்னு மேலதிகாரி சொல்லிட்டாரு. நாற்காலியில உக்காந்தா நான் துருப்பிடிச்சிடுவேன்" என்றார்.

நான்தான் அவரை பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் அழைத்துப் போனேன். அந்தப் பெண் இரண்டு காலையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கால்ல நில்லுங்கக்கா" என்றார். இடது காலில் நின்றார். வலது காலில் மூன்று எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தார்.

"வலி போயிட்டா சரியாயிடுச்சுன்னு நினைச்சிட்டீங்க. உள்ள எலும்பைப் பிடிச்சிருக்கிற நார் தளந்து கிடக்கு. கால் சாயறது காலுக்கே தெரியல. திரும்பப் பழக்கணும். வீட்டுலயே பண்ணலாம். ஆனா தினம் பண்ணணும்."

வீக்கம் வடியும்வரை ஓய்வு. அதற்குப் பிறகு, கட்டிலில் காலை நீட்டிக் கட்டைவிரலால் காற்றில் எழுத வேண்டும். மகள் எதிரே உட்கார்ந்து வாத்தியார் வேலை பார்த்தாள்.

"அம்மா, 'ஈ' சரியில்ல. திரும்ப எழுது."

"போடி, கையாலயே எனக்கு அது ஒழுங்கா வராது!"

பிறகு பழைய சைக்கிள் டியூபைக் கட்டில் காலில் கட்டி, பாதத்தால் இழுத்தார். சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கினார். காலையில் பல் துலக்கும் நேரம் முழுக்க ஒற்றைக் கால். முதல் வாரம் வாஷ்பேசினை விட்டுக் கை எடுக்க முடியவில்லை.

"கொக்கு மாதிரி நிக்கிறியே, மீன் ஏதாவது மாட்டுச்சா?" என்றார் கணவர்.

"நீங்க நின்னு காட்டுங்க பாப்போம்."

கணவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதாகச் சவால் விட்டுத் துணிக்கூடைமேல் சாய்ந்தார். அதோடு அந்தக் கிண்டல் ஓய்ந்தது.

நான் வியப்பது இதையல்ல. ஒன்றரை மாதத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது. நாமாக இருந்தால் அன்றோடு பயிற்சியை ஏறக்கட்டியிருப்போம். அவர் அன்றுதான் தலையணையைத் தரையில் போட்டு அதன்மேல் நின்று பழக ஆரம்பித்தார். "இடது காலும் என்னோடதுதானே" என்று அதற்கும் சேர்த்துச் செய்தார். மேலதிகாரியின் முன்னால் பத்து தடவை குதிகால் உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் தன் தெருக்களைத் திரும்ப வாங்கினார்.

மழை விட்ட ஒரு காலையில், காய்கறிப் பையோடு நான் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நடைபாதைக் கல் ஒன்று அவர் காலடியில் புரண்டது. வலது பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தது. அவர் கை ஒருமுறை காற்றில் வீசியது, அவ்வளவுதான், நிமிர்ந்துவிட்டார்.

"என்னாச்சுக்கா?" என்று ஓடினேன்.

காலைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல. அதுவே பாத்துக்கிச்சு."

அடுத்த கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அந்த வீட்டில் மீட்டர் மூன்றாவது மாடியில் இருந்தது.