பாலா அண்ணையின் ஒரிஜினல் கீ

1. முதல் நாள்

ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் நிறுவனத்தில் நான் சேர்ந்த முதல் நாள், மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில் ஒரு விழா மண்டபத்துக்கு என்னை அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ், மொன்ட்ரியாலில் சவுண்ட் இன்ஜினியரிங் என்று இரண்டு பட்டங்கள் கையில் இருந்தன. அன்று எனக்குக் கிடைத்த வேலை, தரையில் ஓடும் கேபிள்களை டேப் போட்டு ஒட்டுவது. குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளை பெல்பாட்டம் என் கைக்கு அருகே வந்து நின்றது.

"பிள்ளை, நீயோ சவுண்ட்?"

"ஆமா சார்."

"சாரோ? நான் என்ன டியூசனே நடத்திறன்? அண்ணை எண்டு சொல்லு."

அவருக்கு என் அப்பாவைவிட வயது அதிகம். ஆனால் அங்கிள் என்று யார் கூப்பிட்டாலும் காது கேட்காதவர்போல் போய்விடுவார். அதனால் நானும் அன்றிலிருந்து அண்ணா என்றே கூப்பிடுகிறேன்.

பாலா அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். வார நாட்களில் மொன்ட்ரியால்-நோரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். சனி ஞாயிறுகளில் எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹிட்டான பாட்டுகளைப் பாடுகிறார். வேறு எதுவும் பாடமாட்டார். "எழுபத்தஞ்சோட பாட்டு முடிஞ்சுது. பேந்து வந்ததெல்லாம் சத்தம்" என்பது அவர் கொள்கை. இசைக்குழு கிடையாது. பாடகரின் குரலை மட்டும் நீக்கிய ட்ராக்குகளை நான் லேப்டாப்பிலிருந்து ஓட்டுவேன். அவர் அதற்கு மேல் பாடுவார்.

முதல் நாளே எனக்கு விதியைச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் ஒறிஜினல் கீ. விளங்குதோ? அமெரிக்காக்காரன் எந்தச் சுருதியில பாடினவனோ, அதே சுருதி. இறக்கிப் பாடுறவன் பாடகன் இல்லை. எனக்கு ஏலாமல் போற அண்டைக்கு இந்தக் கால்சட்டையைக் கழட்டி அலுமாரியில வைச்சிடுவன்."

அலமாரி மேடையில் இல்லை, அவர் வீட்டில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

2. முடிவில்லாத பாட்டுகள்

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அந்தக் காலத்து ஹிட் பாட்டுகளைப் பற்றிச் சில தொழில் குறிப்புகள்.

முதலாவது, பாதிப் பாட்டுகளுக்கு முடிவே கிடையாது. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருப்பார்கள். ரெக்கார்டிங் செய்தவர் ஒலியளவைக் குறைக்கும் ஃபேடரை மெதுவாக இறக்கி, பாட்டைக் கண்ணுக்கு மறையும் கப்பல்போல் அனுப்பிவைப்பார். இசைத்தட்டில் இது அழகு. மேடையில் அந்தக் கப்பல் அங்கேயே நின்று வியர்த்துக்கொண்டிருக்கும். எங்கள் ஏற்பாடு இது: நான் ஃபேடரை இறக்கத் தொடங்கியதும் அண்ணை பாடிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். முதல் தடவை திரைச்சீலைக்குள் போய்விட்டார். மைக் அணைந்த பிறகும் உள்ளேயிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, பல பாட்டுகளில் கடைசிப் பல்லவியில் சுருதி திடீரென்று அரைக் கட்டை ஏறும். இசைத்தட்டில் அதைப் பாடியவர்கள் இளைஞர்கள். படி இருந்தால் தாவுவார்கள். அண்ணைக்குப் படிக்கு முன்னால் கைப்பிடி தேவைப்படும் வயது.

மூன்றாவது, பாடகர்கள் ஒரே மாதிரி இல்லை. கிட்டாரை மடியில் வைத்துத் தன் சோகத்தைத் தானே விசாரிப்பவர் உண்டு. பியானோ முன்னால் உட்கார்ந்து, விட்டுப்போனவனுக்கு நிதானமாகக் கணக்குத் தீர்க்கும் பெண் உண்டு. ஒரே நிறத்தில் கோட்டுப் போட்ட அண்ணன் தம்பிகள் உண்டு. பாலா அண்ணை எல்லோருமாக இருப்பார். அண்ணன் தம்பிகள் பாட்டுக்கு மேடையில் வெவ்வேறு இடங்களுக்கு ஓடி ஓடி நின்று, ஒவ்வொருவர் வரியையும் பாடுவார். நான் கேபிள் ஒட்டக் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை.

3. கமலா அக்காவின் யோசனை

அண்ணையின் மனைவி கமலா அக்கா. எங்கள் வேனை ஓட்டுவது அவர்தான். நிகழ்ச்சி முழுக்க என் மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் மல்லித்தண்ணியோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கடைசிப் பல்லவியில் அண்ணையின் குரல் நடுவில் உடைந்தது. அவர் உடனே இருமி, மண்டபத்து ஏசியைப் பிரெஞ்சில் திட்டிச் சமாளித்தார். கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"பிள்ளை, உந்தப் பெட்டியில சுருதியை இறக்கலாமோ?"

"இறக்கலாம் அக்கா. ஒரு பட்டன்தான்."

"அப்ப இறக்கு. அவரிட்டைச் சொல்லாதை."

"தெரிஞ்சா கோவிப்பாரே?"

"கோயில்ல தேவாரம் படிக்கேக்கை நாங்கள் சுருதிப்பெட்டியை இறக்கிறேல்லையே? சிவபெருமானே கோவிக்கேல்லை."

"அவர் வாக்கு குடுத்திருக்காரு அக்கா. ஏலாம போனா நிறுத்திடுவேன்னு."

"அதுதானே என்ரை பயம். பாட்டை விட்டிட்டார் எண்டால் சனி ஞாயிறு முழுக்க வீட்டிலதான். கொரோனா நேரம் பாத்தனான். என்ரை குசினிச் சாமான் முழுக்க அகரவரிசையில அடுக்கினவர். உப்பு எடுக்க நான் அரிச்சுவடி படிக்கவேண்டிக் கிடந்தது." கொஞ்ச நேரம் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "போன கிழமை பாடி முடிச்சு, வானுக்குள்ள தனிய இருந்து அழுதவர். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறார்."

நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

முதலில் அரைக் கட்டை இறக்கினேன். குளிர்காலம் வந்ததும் இன்னோர் அரை. ஆக ஒரு கட்டை. ஒரு சிக்கல் இருந்தது. அண்ணை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் திரையை எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். இறக்கினால் திரையில் மைனஸ் போட்டுக் காட்டும். அதனால் இறக்கிய ட்ராக்குகளையே புதிய ஃபைல்களாகச் சேமித்து, அவற்றை மறுபடி திறந்தேன். திரை ஸீரோ காட்டியது.

"பாத்தியே கமலா?" என்றார் அண்ணை அடுத்த நிகழ்ச்சி முடிந்ததும். "தொண்டை திரும்பி வந்திட்டுது. ஒறிஜினல் கீயில சும்மா வழுக்கிக்கொண்டு போகுது."

"மல்லித்தண்ணி," என்றார் அக்கா.

4. லவால்

மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து ஊரான லவாலில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பகல் நேர நிகழ்ச்சி. சவுண்ட் செக் முடிந்து நான் மேடையில் நின்றபோது, அண்ணை ஒரு முதியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"பிள்ளை, இவர் மிசியே ரோலான். அந்தக் காலத்தில இஞ்சத்தைக் கிளப்புகளில மவுத் ஆர்கன் வாசிச்சவர். அமெரிக்கன் ஹிட் எல்லாம் தண்ணிபட்ட பாடு. இண்டைக்கு ரயில் பாட்டுக்கு என்னோட வாசிக்கிறார்!"

ரயில் பாட்டு என்று நாங்கள் சொல்வது, வீட்டுக்குத் திரும்பிப் போக நினைத்துப் போகாமலே இருக்கும் ஒருவனின் பாட்டு. அது அண்ணைக்கு உயிர். அவர் உடை மாற்றப் போனார். நான் வியர்த்தேன்.

காரணம் எளிது. மவுத் ஆர்கனின் சுருதியைப் பட்டன் வைத்து இறக்க முடியாது. எந்தச் சுருதிக்குச் செய்தார்களோ அதில்தான் ஊதும். அதன் தகட்டிலேயே எழுத்துப் பொறித்திருக்கும். ரோலான் கையில் இருந்தது G. அதுதான் அந்தப் பாட்டின் உண்மையான கீ. என் லேப்டாப்பில் இருந்ததோ அதற்கு ஒரு கட்டை கீழே, F.

அவர் ஒத்திகைக்கு ஊதினார். நான் ட்ராக்கை ஓட்டினேன். ஒரே கூடையில் இரண்டு பூனைகளைப் போட்டதுபோல் இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மையார் காதிலிருந்து மிஷினைக் கழற்றிவிட்டார்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ட்ராக்கை ஏற்றலாம். அண்ணையின் குரல் எல்லோர் முன்னாலும் உடையும்.

மவுத் ஆர்கன் மைக்கை அணைக்கலாம். சின்ன ஹால், மைக் இல்லாமலே கேட்கும்.

உண்மையைச் சொல்லலாம். பெல்பாட்டம் அலமாரிக்குப் போகும்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரோலான் மவுத் ஆர்கனைக் கைக்குட்டையில் துடைத்தபடி பிரெஞ்சில் கேட்டார். "மத்மஸேல், எவ்வளவு இறக்கியிருக்கீங்க?"

"என்ன சொல்றீங்க மிசியே?"

"ஒரு முழுக் கட்டை. அவருக்குத் தெரியாது, இல்லையா?"

பொய் சொல்லிப் பயனில்லை. தலையாட்டினேன்.

"எங்க பாடகருக்கும் நாங்க சொல்லல. அவர் தொண்டை இறங்க இறங்க நான் புது மவுத் ஆர்கன் வாங்கினேன். கடைசிவரை அவருக்குத் தெரியாது. என் ரூம்ல ஒரு பெட்டி நிறைய இருக்கு. F உம் இருக்கு." பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஆனா ஒரு பாட்டு போதாது. ரெண்டு வேணும்."

இது மிரட்டல் என்று எனக்குப் புரிந்தது. "ரெண்டு," என்றேன்.

அக்கா அவருடைய அறைக்குப் போய்ப் பெட்டியோடு ஓடி வந்தார். F கிடைத்தது. அதே கம்பெனி, அதே மாடல். ஆனால் மேல் தகட்டில் F என்று பளிச்சென்று இருந்தது. திரையையே எட்டிப் பார்க்கும் மனிதர் இதைப் பார்க்காமல் விடுவாரா? என் பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது. தகட்டின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு திருகு. G தகட்டைக் கழற்றி F மேல் மாட்டினேன். கடைசித் திருகு பாதியில் இருந்தபோது அக்கா கிசுகிசுத்தார்.

"வாறார், வாறார்!"

"அக்கா, பேச்சுக் குடுங்க!"

அக்கா வழியை மறித்து நின்றார். "இஞ்சருங்கோ, உந்தக் கொலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது."

"இது ஸ்டைலப்பா!"

"ஸ்டைலோ? கரப்பான் பூச்சி செட்டை விரிச்ச மாதிரிக் கிடக்கு. நில்லுங்கோ."

காலரை அக்கா மடித்து முடிப்பதற்குள் மவுத் ஆர்கன் ரோலான் கைக்குப் போய்விட்டது. அண்ணை நேராக வந்து அதை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். தகட்டைப் பார்த்தார்.

"G! ஒறிஜினல் கீ!" என்று மைக்கில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தார். முதியவர்கள் கைதட்டினார்கள். ரோலான் ஒரு துறவியின் முகத்தோடு F ஊதினார். அண்ணை அதன் மேல் ஏறிப் பாடினார். கடைசிப் பல்லவியின் உச்சத்தைத் தாவிக் கடந்தார். நான் ஃபேடரை இறக்கினேன். அண்ணை பின்னால் நடந்தார். ரோலான் மட்டும் நடக்கவில்லை. பாட்டு மறைந்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தார். அதை இரண்டாவது பாட்டாகக் கணக்கில் வைக்கலாமா என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். "நோ," என்றார்.

5. அரைக் கட்டை

வேனில் திரும்பும்போது அண்ணை முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"பிள்ளை, ஒண்டு யோசிச்சனான். ஒறிஜினல் கீ எனக்கு இப்ப லேசாக் கிடக்கு. இன்னும் மேல போக இடம் இருக்கு. அடுத்தமுறை அரைக் கட்டை ஏத்து. அமெரிக்காக்காரனை விட மேல பாடுவம்!"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெரும் வேண்டுதல் இருந்தது.

"ஏத்திடலாம் அண்ணா," என்றேன்.

அடுத்த நிகழ்ச்சி வில்லரேயில், நான் முதல் நாள் கேபிள் ஒட்டிய அதே மண்டபம். அண்ணை கண்ணாடியோடு பக்கத்தில் நிற்க, நான் அரைக் கட்டை ஏற்றினேன். அரைக் கட்டைக்கு ஒன்று என்பது அந்தப் பெட்டியின் கணக்கு; திரை பிளஸ் ஒன்று காட்டியது. அதை அவர் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். உண்மையில் அது அமெரிக்காக்காரனுக்கு அரைக் கட்டை கீழே. அது எனக்கும் அக்காவுக்கும் லவாலில் ஒருவருக்கும் மட்டுமே தெரியும்.

பாடினார். கழுத்து நரம்பு வேர்போல் எழுந்தது. கடைசிப் பல்லவியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், குரல் ஓரத்தில் கீறியது, உடையவில்லை. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அவர் இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் விழுந்தார். அக்கா மல்லித்தண்ணியை நீட்டினார். அவர் முழுவதும் குடித்து முடித்தார்.

"பாத்தியோ பிள்ளை, ஏலும் எண்டு காட்டியாச்சு."

"காட்டிட்டீங்க அண்ணா."

"ஆனா," என்று குரலைத் தாழ்த்தினார், "சனத்துக்கு ஒறிஜினல்தான் பிடிக்கும். நாங்கள் எங்கடை திறமையைக் காட்டுறதுக்காகப் பாட்டைக் கெடுக்கக்கூடாது. பழையபடி ஸீரோவிலேயே வை."

அக்கா ஃபிளாஸ்குக்குள் எதையோ உற்றுத் தேடினார். அவருடைய தோள்கள் குலுங்கின.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவியை இறக்கலாம், ஏற்றலாம், தேவைப்பட்டால் தகட்டையும் மாற்றலாம். பாடுகிறவர் திரையில் நம்பிக்கையோடு பார்க்கும் எண்ணை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள்.

ஸீரோவில் வைத்தேன். அண்ணை கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்த்தார்.