பிச்சுமணி தோத்த சாரல் விருந்து

பிச்சுமணியை நல்லவன்னு சொல்லுத ஆளுக நெறயப் பேரு உண்டு. எல்லாவனும் எங்க ஹாஸ்டல்ல வயிறு முட்டத் தின்னவனுவ. நானும் தின்னேன். ஆனா நல்லவன்னு என் வாயால வராது.

நான் தென்காசியில காலேஜ் சேந்தது அம்பத்தெட்டுல. பேரு அருமைநாயகம், சிவகிரிப் பக்கம், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவங்க. ஹாஸ்டல் சமையக்காரன்தான் பிச்சுமணி. கல்லிடைக்குறிச்சி ஐயரு. அம்பது வயசிருக்கும். பொண்டாட்டி செத்துப்போயி, பிள்ளையும் இல்லாம, சமையக்கட்டுலயே பாயை விரிச்சுப் படுத்துக்கிடுவான். விடியுமுன்ன எந்திரிச்சு எண்பது பேருக்கு ஒத்தையில இட்லி அவிப்பான். வத்தக்குழம்பு கொதிச்சா ரோட்டுல போறவன் நின்னு மூக்கை இழுப்பான். அதை இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போவும்.

பரிமாறும்போது எல்லா இலைக்கும் குனிஞ்சு போடுவான். என் இலைகிட்ட வந்ததும் நிமிந்துக்கிடுவான். ஒரு முழம் ஒசரத்துல இருந்து சோறு விழும், குழம்பு சட்டையில தெறிக்கும். எனக்கும் கடைசி வரிசையில இருந்த இன்னும் ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் இந்த மரியாதை. பக்கத்து இலை பரமசிவன் எனக்கு உயிர்ச் சேக்காளி. அவன்கிட்ட சொன்னா, "அவருக்கு இடுப்பு வலிலே, நீயா எதையாவது நெனைக்காத"ம்பான். என் இலைகிட்ட மட்டும் எப்படிலே இடுப்பு வலிக்கும்னு கேட்டா சிரிப்பான். மூணு வருசம் இதே பதிலைக் கேட்டு எனக்கு வயிறு எரிஞ்சுது.

எங்க ஹாஸ்டல்ல வருசாவருசம் சாரல் விருந்து நடக்கும். ஆடியில ஒரு சனிக்கிழமை எல்லாவனும் வெறும் வயித்தோட குத்தாலத்துக்கு நடந்துபோயி, அருவி அருவியாக் குளிச்சுட்டு, மத்தியானம் வந்து பந்தியில உக்காரணும். குத்தாலத்துல குளிச்சவன் பசி உங்களுக்குத் தெரியும். பிச்சுமணி போடப்போட நாங்க கேக்கணும். கேக்கும்போது சோத்து அண்டா காலியாயிட்டா அவன் தோத்தான். கடைசியாச் சோறு கேட்டவன் கையில கரண்டியைக் குடுத்துட்டு பிச்சுமணி இலை போட்டு உக்காரணும். அந்தப் பய பரிமாற, இவன் சாப்பிடணும். பிச்சுமணி பங்குச் சோறு சின்னப் பானையில தனியா இருக்கும்.

ஒம்பது வருசத்துல பிச்சுமணி ஒருதடவையும் தோத்ததில்லை. வாசல்ல நின்னு வாறவன் விரலைப் பிடிச்சுப் பாப்பான். தோல் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு பாத்து, எவ்வளவு நேரம் தண்ணியில நின்னான், எவ்வளவு பசிக்கும்னு கணக்குப் போட்டு, அதுக்குத்தக்க ரெண்டாவது உலை வைப்பான். அவ்வளவுதான் அவன் வித்தை.

அறுவத்தொண்ணுல நான் முடிவு பண்ணினேன். அந்தக் கரண்டி என் கைக்கு வரணும், அவன் என் கையால தின்னணும். பயலுவகிட்ட அவனை ஏமாத்துவோம்னு மட்டும் சொன்னேன், எல்லாவனும் குதிச்சான். விடியக்காலமே போயி பேரருவி, ஐந்தருவி ரெண்டுலயும் ஒதடு நீலம்பாரிக்கிற வரைக்கும் நின்னோம். திரும்புத வழியில காசிமேஜர்புரத்துக்கிட்ட ஒரு மண்டபத்துல உக்காந்து, தலையைத் துவட்டி, காஞ்ச வேட்டி மாத்தி, விரல் பழையபடி ஆகுற வரைக்கும் பசியைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தோம்.

வாசல்ல முன்னால நின்னவன் நான்தான். "அருவியில வெள்ளம் சாமி. போலீஸ்காரன் விடல. பாத்துட்டு வந்துட்டோம்."

பிச்சுமணி பரமசிவன் விரலைப் பிடிச்சு அமுக்கிப் பாத்தான். என் விரலை என்னைக்கும் தொட்டதில்லை. "அடப் பாவமே, வருஷத்துக்கு ஒருநாள். சரி, வந்து உக்காருங்கோ"ன்னு உள்ள போனான். ரெண்டாவது உலை வைக்கல.

மூணாவது சுத்துலயே அண்டாவுல கரண்டி உரசுச்சு. வயிறு நெறஞ்சு ஒவ்வொருத்தனா எந்திரிச்சான். நான் மட்டும் உக்காந்துக்கிட்டு, "சோறு"ன்னேன். அடியில ஒட்டினதைச் சொரண்டிக் கொண்டாந்து, அப்பவும் ஒரு முழத்துல இருந்துதான் போட்டான். அதையும் தின்னுட்டு மறுபடி "சோறு"ன்னேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. பயலுவ கைதட்டுனதுல ஹாலே அதிர்ந்துது.

கரண்டியை அவன் என் கையில குடுக்கல. தரையில வச்சான். நான் எடுத்துக்கிட்டேன். இலை போட்டு உக்காந்தான். ஒரு முழம் என்ன, ரெண்டு முழத்துல இருந்து கொட்டணும்னுதான் ராத்திரியெல்லாம் நெனச்சிருந்தேன். ஆனா எங்க அம்மை என்னை அப்படி வளக்கல. நல்லாக் குனிஞ்சு, சோறு சிந்தாம, இலை நடுவுல போட்டேன்.

விடியக்காலத்துல இருந்து அவன் வாயில பச்சத்தண்ணி படல, எல்லாருக்கும் தெரியும். கை ஒருதடவை இலைவரைக்கும் வந்துது. அப்புறம் இலையை மடிச்சான்.

"பசிக்கலை."

கைதட்டு நின்னுபோச்சு.

"இடுப்பு வலியா சாமி?"ன்னு கேட்டேன். பரமசிவன் என் வேட்டியைப் பிடிச்சு இழுத்தான்.

பிச்சுமணி என் மூஞ்சியை நேராப் பாத்தான். மூணு வருசத்துல அதுதான் முதல்தடவை. "நேக்கு வலியெல்லாம் ஒண்ணுமில்லை. தெரிஞ்சுதான் உசரத்துலேர்ந்து போட்டேன்"னான். பாயைச் சுருட்டிக்கிட்டு அன்னைக்குச் சாயங்காலமே திருநெல்வேலி வண்டியில ஏறிட்டான். வார்டன் ஸ்டேஷன் வரைக்கும் போயிக் கூப்பிட்டும் வரல.

புதுசா வந்தவன் வச்ச சாம்பார்ல மூஞ்சி கழுவலாம். ஒரு வாரத்துல அத்தனை பேரும் என்னைக் கரிச்சுக் கொட்ட ஆரம்பிச்சான். ஏமாத்தும்போது கூட நின்ன பயலுவதான். நல்ல சோத்துல நான் மண்ணள்ளிப் போட்டுட்டேனாம்.

பரமசிவன் ஒருநாள் கேட்டான்: "எப்பவும் போல நீயும் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம்லா?"

"அவன் தெரிஞ்சுதான் போட்டேன்னு சொன்னதை நீ கேக்கலையாலே?"ன்னேன்.

"அது எங்க எல்லாருக்கும் மொதல்லயே தெரியும்லே"ன்னுட்டு, அவன் இலையைத் தூக்கிக்கிட்டு எதிர் வரிசைக்குப் போயிட்டான்.

பிச்சுமணி மேல எனக்கு இன்னைக்கும் கோவந்தான். ஆனா அவனாவது மூஞ்சியைப் பாத்து உள்ளதைச் சொன்னான். பரமசிவன்கிட்ட நான் அதுக்கப்புறம் பேசவே இல்லை.