பசுவுக்குப் பின்னால் ஒரு குதிரை

நாற்பத்தொன்பதாம் வயதில் குதிரையேறக் கற்றுக்கொள்ளப் போனேன். வீணை, நீச்சல், பெங்காலி என்று எதையெதையோ ஆரம்பித்துப் பாதியில் விட்டவள் என்பதால் எங்கள் தெருவான ஸ்ரீவராகத்தில் யாரும் அதிரவில்லை. "இது எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார் என் கணவர், செய்தித்தாளை இறக்காமல்.

வெள்ளாயணி வயல்களுக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நான்கு குதிரைகள் வைத்திருந்தார் ஒரு மலையாளி. எனக்குக் கொடுத்தது ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை. மழைக்கு முந்தின மண்ணின் நிறம். நடந்தால் வாய்க்கால் தண்ணீர். லாரி ஹாரன் அடித்தாலும் காதை ஆட்டமாட்டாள். ஆனால் ஒரு மாடு, அக்கரையில் படுத்து அசைபோடுகிற ஒரே ஒரு மாடு, கண்ணில் பட்டால் போதும். நான்கு கால்களும் நான்கு திசைக்கு விண்ணப்பம் போடும்.

நாங்கள் போய்வருகிற வயல்பாதையிலோ மாடில்லாத திருப்பமே கிடையாது. ஏற்கெனவே இரண்டு பேரைத் தள்ளிவிட்டிருந்தாள். "சேச்சி, இந்த மாசம் கழியட்டே," என்றார் குதிரைக்காரர். "அதுக்குள்ள இவள் சரியாகலைன்னா கல்யாண ஊர்வலக்காரங்களுக்குக் கொடுத்துடுவேன்." பசுவின் இருமலுக்கே நடுங்குகிறவள், பேண்டு வாத்தியத்துக்கும் வெடிக்கும் நடுவே, முதுகில் ஒரு மாப்பிள்ளையோடு. நானே அவளைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் லஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று சாலைக் கடைத்தெருவில் கொள்ளு கேட்டேன்.

"இளைக்கறதுக்கா மாமி?"

"குதிரைக்கு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் வேற யாருக்கோன்னுதான் சொல்லுதாவ. கூச்சப்படாதீய. ராத்திரியே ஊறப்போட்டிருங்க, ரெண்டு மாசத்துல உங்களுக்கே வித்தியாசம் தெரியும்."

பாதையோரம் தொழுவம் வைத்திருந்த பால்காரியின் வெள்ளைப் பசுதான் எங்கள் பாடப்புத்தகம். நாகர்கோவில் பக்கத்துக்காரி, பசுவைவிடப் பெரிய குரல். தூரத்தில் நிற்போம். குதிரை பசுவைப் பார்த்துவிட்டு ஓடாமல் நின்றால் ஒரு பிடி கொள்ளு. மறுநாள் பத்தடி கிட்டே. இன்னொரு பிடி. ஒவ்வொரு பத்தடிக்கும் அவள் உடம்பு முழுக்க ஒரு காற்று ஓடி அடங்கும். என் முழங்காலுக்கு அது தெரியும்.

எட்டாம் நாள் பசுவுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றாள். நின்றாள்!

எங்கள் தெருவில் பசுவைச் சும்மா தாண்டிப் போகிற வழக்கம் இல்லை. பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போவோம். பஸ்ஸுக்கு ஓடினாலும் கை தானாகப் போகும். அன்றைக்கும் போனது. கடிவாளத்தை விட்டு, சேணத்திலிருந்து சரிந்து, பசுவைத் தொட்டு, இரண்டு கண்ணையும் மூடி பக்தியாக ஒற்றிக்கொண்டேன். திறந்தபோது அடியில் குதிரை இல்லை. சாணிக் குவியல் இருந்தது. இளஞ்சூடாக.

"ஏன் மாமி, கும்பிடணும்னா எறங்கி நின்னு கும்பிடப்படாதா?" என்றாள் பால்காரி.

"பழக்கம் அம்மா."

"நல்ல பழக்கம். அந்தா பாருங்க, உங்க குருதை ஊருக்கே போயிட்டு."

எட்டு நாள் உழைப்பு சாணியில் போயிற்று. அதற்கப்புறம் தொழுவத்தின் கூரை தெரிந்தாலே குதிரை திரும்பிவிடும். மாதம் முடிய ஒன்பது நாள்.

பால்காரிக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "எதுக்கு அதைக் கொம்புக்கு நேராக் கொண்டு வாறிய? கொம்பைப் பாத்தா எனக்கே சமயத்துல பயம்தான். நான் மேய்ச்சலுக்குப் பத்திக்கிட்டுப் போறேன், பின்னாலயே வாங்க. வாலைப் பாத்துட்டு வரட்டும்."

வாலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். முன்னால் பசு, வரப்பில் கோலம் போடுவதுபோல் நிதானமாக. வெகுதூரம் பின்னால் நாங்கள். மூன்றாம் நாள் என் குதிரை கழுத்தை நிமிர்த்தினாள். தன்னைக் கண்டு பயந்துதான் பசு முன்னால் போகிறது என்று அவளுக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. நான் திருத்தவில்லை. ஆறாம் நாள் எட்டி நடைபோட்டுப் பசுவை விரட்டவே பார்த்தாள்.

கடைசி நாள் குதிரைக்காரர் கூடவே நடந்து வந்தார். தொழுவத்துப் பக்கம் பாதை குறுகும். பசு அங்கே குறுக்கே நின்றது. துணைக்கு இரண்டு ஆடுகள். கிட்டே போனோம். பசு வாலைச் சுழற்றியது. வால் நேராகக் குதிரையின் மூக்கில் விழுந்தது.

குதிரையின் இதயம் என் தொடைக்குள் அடித்தது. அல்லது என்னுடையதா? அவள் மூச்சை இழுத்தாள். பசுவின் முதுகெல்லாம் தெறிக்க ஒரு தும்மல் போட்டாள். பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் உரசிக்கொண்டு நகர்ந்தோம். என் கால் ஊன்றியிருந்த அங்கவடிக்குப் பக்கத்திலேயே பசுவின் பின்புறம், வெள்ளையாக, வெதுவெதுப்பாக.

"சேச்சி," என்றார் குதிரைக்காரர் மெதுவாக. "கை."

பாதி வழியில் இருந்த கையை இழுத்துத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டேன். தாண்டிவிட்டோம்.

"குதிரை இங்கேயே நிக்கட்டே," என்றார் அவர். "வேணும்னா சேச்சியை ஊர்வலத்துக்குக் கொடுக்கலாம்."

திருப்பத்தில் இறங்கி, தொழுவத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த பால்காரியிடம் கடிவாளத்தைக் கொடுத்துவிட்டு, நடந்தே திரும்பிப் போனேன். பசுவைத் தொட்டேன். நிதானமாக, இரண்டு கண்ணையும் மூடி, ஒற்றிக்கொண்டேன்.

"முடிஞ்சுதா மாமி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "சீக்கிரம் வாங்க, இது என் முந்தானையைத் திங்குது!"