சாக்பீஸ் கோடும் சந்தனப் பொட்டும்

மோகனூர் ரோட்டில் இருக்கும் என் பட்டறைக்கு எத்தனையோ வண்டிகள் வருகின்றன. அடிப்பாகத்தில்கூடச் சேறு இல்லாமல் வருவது ஒன்றே ஒன்றுதான், ரஞ்சிதாவின் முட்டை வேன். மெக்கானிக்குக்கு எரிச்சல் வருமா, வராதா? எங்காவது எண்ணெய் ஒழுகினால் தூசி அப்பிக்கொண்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பெண் அதையும் துடைத்துவிட்டு வந்து, "ஒழுகுதான்னு பாருங்ண்ணா" என்பாள்.

முன்பு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள். பண்ணை வேன் டிரைவர் முட்டை அட்டைகளைத் தூக்கிப் போட்டு அடுக்குவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து போய், ஒருநாள் பண்ணைக்காரரிடம், "நானே ஓட்டறனுங்க" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். லைசென்ஸோடு வந்து நின்றாள். பிறகு பண்ணைக்காரர் அந்தப் பழைய வேனை விற்றபோது இவளே வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு நாமக்கல்லிலிருந்து சேலம் அஸ்தம்பட்டி வரை அவள் முட்டைதான்.

புருஷன் அறிவழகன் தங்கமான பையன், சர்க்கரை ஆலையில் வேலை. அவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கிரீஸ் அடிப்பான். வீட்டுக் கதவுக்கு அடிப்பான், தையல் மெஷினுக்கு அடிப்பான். அவன் அடிக்க, அவள் கழுவ, நடுவில் என் பிழைப்பு ஓடியது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். முகமே சரியில்லை.

"வண்டியை எடுக்கறப்ப அடியில யாரோ புடிச்சுக் குலுக்கறாப்ல இருக்குதுங்ண்ணா. முட்டையெல்லாம் கீறல் உழுகுது."

கீழே படுத்துப் பார்த்தேன். இன்ஜின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு நீளமான இரும்புக் குழாய். ஷாஃப்ட் என்போம். அது இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் தொங்காமல் தாங்கிப் பிடிப்பது ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர் வளையம். அந்தச் சென்டர் பேரிங்குக்குள் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து நாம் ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. அறிவழகன் விடுவானா? ரப்பர் மேலேயே அப்பித் தள்ளியிருந்தான். ரப்பர் ஊறிய அப்பளம் மாதிரி ஆகி, பேரிங் அதற்குள் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"உன் ஊட்டுக்காரரு கிரீஸ் துப்பாக்கியத் தூக்கிக் கெணத்துல போடு அம்மணி. பேரிங்கு மாத்தோணும்."

"மாத்திருங்ண்ணா. ஆனா மூணா நாளு காலையில நான் அஸ்தம்பட்டியில நிக்கோணும்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அஸ்தம்பட்டியில் மெஸ் நடத்தும் சென்னியம்மாள்தான் அவள் லோடில் பாதியை வாங்குகிறவர். கீறல் முட்டை வந்து வந்து அந்த அம்மாளுக்கு அலுத்துவிட்டது. பண்டிகை முடிந்து மெஸ் திறக்கிற அன்று ஒரே ஒரு கீறல் முட்டை இருந்தாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"அந்த மெஸ்ஸு போச்சுன்னா வண்டி ஓடாதுங்ண்ணா. மறுக்கா பண்ணைக்கே போயி முட்டை பொறுக்கத்தான் வேணும்" என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

அன்றே ஷாஃப்டைக் கழற்றினேன். எது எதோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்பதற்கு இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டேன். கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டினால் வண்டி பழையபடி ஓடும். மறுநாள் பூஜை, பேரிங் கடை திறக்காது. ஷாஃப்டைப் பலகை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பூஜையன்று வண்டி என் பட்டறையில் நின்றதால் ரஞ்சிதாவும் அங்கேயே வந்துவிட்டாள். நான் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அடேங்கப்பா! பலகை மேல் ஷாஃப்ட் தகதகவென்று மின்னுகிறது. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் வேறு சுற்றியிருக்கிறது. பக்கத்தில் மண்ணெண்ணெய் டப்பாவும் தேங்காய் நாரும். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள்.

"கோடு எங்கடி?" என்று கத்தினேன். கோபத்தில் 'அம்மணி' போய் 'டி' வந்துவிட்டது.

"எந்தக் கோடுங்ண்ணா?"

"சாக்பீஸ் கோடு! அதை வெச்சுத்தான மாட்டோணும்!"

அவள் முகம் வெளுத்தது. ஆனால் அடுத்த நிமிடமே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். "பூசைக்கு அழுக்கோட வெக்கறதுங்களா? அவ்ளோ முக்கியமான கோட்டை யாராச்சும் சாக்பீஸ்ல போடுவாங்களா? உளியில ஒரு கொத்துக் கொத்தியிருந்தா நான் அழிச்சிருக்க முடியுமா?"

பூசணிக்காயை எனக்கே சுற்றி உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

விஜயதசமியன்று காலையில் கடை திறந்ததும் பேரிங்கை வாங்கிவந்து ஏற்றினேன். நடு இணைப்பை நேராக்கி மாட்டுவது கண்ணுக்கே தெரியும், அதில் சிக்கலில்லை. ஷாஃப்ட் பின்சக்கரப் பக்கம் சேருகிற தட்டில்தான் வினை. அதில் நான்கு போல்ட், நாலு விதமாகவும் மாட்டலாம். இத்தனை வருஷம் ஓடித் தேய்ந்த வண்டிக்கு ஏதோ ஒன்றுதான் ஒத்துவரும். எது என்று அந்தச் சந்தனப் பொட்டையா கேட்பது?

ஒரு விதமாக மாட்டிக் கிளப்பினோம். ரஞ்சிதா ஓட்டினாள். பின்னால் முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அப்படி உட்காரச் சொன்னது அவள்தான். பட்டறை வைத்த காலத்திலிருந்து யாரும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை. வேகம் எடுத்ததும் முட்டைகள் கிடுகிடுவென்று ஆடின. திரும்பி வந்து போல்ட்டை மாற்றிப் போட்டேன். இந்தத் தடவை முட்டையோடு என் பல்லும் சேர்ந்து ஆடியது. டீக்கடையில் இருந்தவர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். "அடை வெச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மறுபடி மாற்றிக் கிளம்பினோம். வேகம் எடுத்தாள். மடியில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத்தான் காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அண்ணா, என்ன ஆச்சுங்? பேச்சே காணோம்!"

"ஆடலை அம்மணி! நீ பாட்டுக்குப் போ!"

பட்டறைக்கு வந்ததும் அவளே உளியை வாங்கி, சேர்ந்திருந்த இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வெட்டு வைத்தாள். "இனி நான் கழுவலாங்களா?" என்று கேட்டாள். நான் மண்ணெண்ணெய் டப்பாவை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலையில் நானும் அஸ்தம்பட்டிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று என் பெண்டாட்டி கேட்டாள். படபடப்பு, வேறென்ன?

சென்னியம்மாள் மெஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளும் பெரிது, குரலும் பெரிது. ஒவ்வொரு அட்டையாக இறக்கச் சொன்னார். ஒரு கைக்கு ஒரு முட்டை எடுத்து, காதருகே வைத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பார்ப்பார். நல்ல முட்டை கணீரென்று பேசும், கீறல் முட்டை தொப்பென்று சொல்லும். தட்டினார், வைத்தார். தட்டினார், வைத்தார். ஒன்றும் சிக்கவில்லை. ரஞ்சிதா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டே நின்றாள்.

கடைசி அட்டை வந்ததும் அந்த அம்மாளுக்கே நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. "இதெப்படி ஒண்ணுகூட இல்லாம?" என்று முணுமுணுத்துக்கொண்டு கொஞ்சம் ஓங்கித் தட்டினார். மடக்! மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது.

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங், நாமக்கல்லுல இருந்து ஒடையாம வந்த முட்டைய நீங்களே ஒடைச்சுப்போட்டு..." என்று ஆரம்பித்தேன். ரஞ்சிதா என் காலை மிதித்தாள். நல்ல மிதி.

சென்னியம்மாள் தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒரு முட்டை ஒடைஞ்சா ஆளை மாத்தறன்னு சொன்னவ நாந்தான் கண்ணு. இப்ப ஒடைச்சவளை மாத்தோணுமின்னா, மெஸ்ஸையில்ல நீ எடுத்து நடத்தோணும்?"

ரஞ்சிதா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். சென்னியம்மாள் எழுந்து வந்து, முட்டை வழியாத கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"அழாத சாமி. உள்ள வா, சாப்புடு. நாளைக்கும் நீதான் கொண்டாரோணும்."